சுண்ணாம்புமேட்டின் தாங்குதிறன்

சுண்ணாம்புமேட்டில் மேடு என்பது பெயரில் மட்டும்தான் இருந்தது. தூத்துக்குடியில் நாலு தூறல் விழுந்தால் முதலில் தண்ணீர் வந்து நிற்பது அங்கேதான். கடைசியாக வடிவதும் அங்கேதான். அப்பேர்ப்பட்ட பகுதிக்குத்தான் அந்த வருஷம் அரசாங்கம் கேடயம் கொடுத்தது. 'வெள்ளம் தாங்குதிறனில் மாநிலத்தில் முதலிடம்' என்று பொறித்த, ஒற்றைக் கையால் தூக்க முடியாத வெண்கலக் கேடயம்.

மேடையேறி அதை வாங்கியவள் தஸ்நேவிஸ் மேரி. ஊரில் எல்லாருக்கும் நேவிஸக்கா. தெருமுனையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தாள். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, எதுவானாலும் அண்டாவும் கிடாரமும் சாமியானாவும் அவள் கடையிலிருந்துதான் போகும். வெள்ளம் வந்துவிட்டால் அதே சாமான்களுக்கு வேறு உத்தியோகம். பெரிய அண்டாவுக்குள் குழந்தைகளை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போவார்கள். சாமியானா மூங்கிலைக் காலி டிரம்களோடு சேர்த்துக் கட்டினால் தெப்பம். கிடாரம் மொட்டைமாடிக்கு ஏறினால் தெரு முழுவதற்கும் சோறு. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வாசல்படியைத் தொடும்போதே ஆளாளுக்கு அவரவர் வேலையில் இறங்கியிருப்பார்கள்.

வெள்ள நிதி ஆணையம் என்று ஒன்று வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் மழைநீர் வடிகால் எந்தத் தெருவுக்கு வரும் என்பதை, அதிகாரத்தில் இருப்பவரின் மச்சினன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். ஆணையம் அந்த முடிவை மனிதர்களிடமிருந்து பிடுங்கி, 'துலா' என்ற இயந்திர மூளையிடம் கொடுத்துவிட்டது. விளக்குக் கம்பம்தோறும் ஒரு சாம்பல்நிறப் பெட்டியை மாட்டினார்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியது, யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள், யாரெல்லாம் உதவி கேட்டுக் கத்தினார்கள், தெரு எப்போது பழைய நிலைக்குத் திரும்பியது என்று சகலத்தையும் அது கேட்டும் பார்த்தும் துலாவுக்கு அனுப்பும். ஜனங்கள் அதற்குக் காதுப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். துலாவுக்குச் சாதி தெரியாது, கட்சி தெரியாது, மச்சினனும் கிடையாது. அதனால் எல்லாருக்கும் அதைப் பிடித்திருந்தது. நேவிஸுக்கும்தான்.

கேடயம் கொடுத்த அதே மேடையில்தான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேர்ல் கார்டன்ஸ் குடியிருப்புக்குப் புதிய வடிகால் திட்டம் ஒதுக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார்கள். கூட்டமே கைதட்டியது. கேடயத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் நேவிஸால் தட்ட முடியவில்லை.

அதற்கு அர்த்தம் என்னவென்று வெயில் காலத்தில்தான் தெரிந்தது. சுண்ணாம்புமேட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கரையை ஒருநாள் இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். ஆள் குனியாமல் நடந்துபோகக்கூடிய பருமனில் ஒரு கான்கிரீட் குழாய், ஓடையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றது. நேவிஸ் வேலை நடக்கும் இடத்துக்கே போய்விட்டாள். அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள் மாநகராட்சியின் உதவிப் பொறியாளர் அருணாசலவடிவு. பாளையங்கோட்டைக்காரி. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பார்வையிட வந்து நேவிஸ் கையால் சாப்பிட்டுப் போனவள்.

"வடிவு மேடம், இது பேர்ல் கார்டன்ஸ் குழாய்தான? இங்க எதுக்கு வாயப் பொளந்துட்டு நிக்குது?"

"தண்ணி எங்கயாவது விழணும்லாக்கா."

"கடல் இந்தா இருக்கு. அங்க விழட்டும்."

"கடல் வரைக்கும் கொண்டுபோனா ரயில்வே நெலம், துறைமுக நெலம்னு ஆயிரம் அனுமதி வாங்கணும். செலவும் கூட. உங்க பக்கம் தாங்கும்னு துலா சொல்லிட்டு."

"இந்த ஓடையா தாங்கும்? போன மழைக்கே கரை மேல ஏறி வந்துச்சு. நீங்களே பாத்தியள்லா?"

வடிவு குடையை மடக்கினாள். "ஓடை தாங்காதுக்கா. நீங்க தாங்குவிய. அதைத்தான் அது சொல்லுது."

நேவிஸுக்கு முதலில் புரியவில்லை. வடிவு அவளை ஓரமாக இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"துலா தண்ணிய மட்டும் பாக்கல. தண்ணி வந்தா மனுஷங்க என்ன ஆவுறாங்கன்னு பாக்குது. பேர்ல் கார்டன்ஸ்ல போன தடவை முழங்கால் தண்ணிதான். ஆனா எதிர்வீட்டுக்காரன் பேரு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அத்தன பேரும் வீட்டுக்குள்ள அடஞ்சு கெடந்து, படகு அனுப்பு, பால் அனுப்புன்னு ஒரு வாரமா போன் பண்ணுனாவ. உங்க தெருவுல கழுத்தளவு. நீங்க மறுநாள் மத்தியானம் பிரியாணி போட்டிய."

"பிரியாணி இல்ல மேடம். தக்காளிச் சோறு."

"துலாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். யாரால தாங்க முடியலையோ அவங்களுக்கு நிதி. யாரால தாங்க முடியுமோ அவங்க காத்திருக்கட்டும். படிச்சுப் பாத்தா நியாயமாத்தான் இருக்கு."

"அப்போ நாங்க எப்பவுமே தாங்கிட்டே கெடக்கணுமா?"

வடிவு கிளாசை உருட்டிக்கொண்டே இருந்தாள். "நான் கவர்மெண்ட் வேலையில இருக்கேன். இதை நான் சொல்லக் கூடாது."

"நான் காதுல வாங்கவே இல்ல. சொல்லுங்க."

"மழை வரும்போது ஒரு பொழுது... ஒரே ஒரு பொழுது, நீங்க ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்யாம இருங்க. உங்க தாங்குதிறன் மார்க் தன்னால எறங்கிரும்."

அன்றைக்கே கடைக்குள் கூட்டம் கூடியது. கவிழ்த்துவைத்த அண்டாக்கள் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் கனிராஜ், லாரி செட்டில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்ப்பவர். எதையும் சட்டம்போல் எடுத்துச் சொல்வதில் பிரியம் உள்ளவர்.

"ஒண்ணு, அவனவன் அவனவன் மாடியிலதான் இருக்கணும். ரெண்டு, அண்டா, தெப்பம், கயிறு எதுவும் வெளிய வரக் கூடாது. மூணு, எல்லாரும் அவசர நம்பருக்குப் போன் போடணும். போட்டுட்டு, நல்லா வாய்விட்டுக் கத்தணும். கம்பத்துக் காதுல விழணும்."

"சமையல்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவனவன் வீட்டுல ரொட்டி வாங்கி வச்சுக்கிடுங்க. பக்கத்து வீட்டுக்குக் குடுக்கக் கூடாது."

அதுவரை அமைதியாக இருந்த கூட்டம் அந்த இடத்தில்தான் சலசலத்தது. ரொட்டியைக்கூடவா கொடுக்கக் கூடாது? கனிராஜ் விட்டுக்கொடுக்கவில்லை. கர்ப்பிணிகளையும் சுகமில்லாதவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் புயல் அறிவிப்பு வந்த உடனே வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. அதுவும் உதவிதான், ஆனால் மழைக்கு முன்னால் செய்தால் காதுப்பெட்டிக்குத் தெரியாது என்றார். ஒற்றுமை இல்லாமல் இருப்பது என்று அத்தனை ஒற்றுமையாக முடிவெடுத்த கூட்டம் அந்த ஊரில் அதற்கு முன் நடந்திருக்காது.

கடைச் சாவியைக் கனிராஜ் கேட்டு வாங்கிக்கொண்டார். "உங்க மேல சந்தேகம் இல்லக்கா. உங்க கை மேலதான்" என்றார். நேவிஸ் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

ஒத்திகை ஒன்றும் நடந்தது. காதுப்பெட்டி இல்லாத இடமாகப் பார்த்து, உப்பளத்துக்கு அப்பால் உடைமரக் காட்டுக்குள் போனார்கள். திருவிழாவுக்குப் போவதுபோல முறுக்கும் சீவலும் கட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருத்தராக நின்று "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்த வேண்டும். தையல்காரி முத்துப்பேச்சி கத்திய கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. கைதட்டல் அடங்க நேரமானது.

சந்தியாகு அண்ணாச்சிக்குத்தான் வரவே இல்லை. நேவிஸின் கடைக்கு எதிரே தரைவீட்டில் தனியாக இருந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றையாளாக உட்கார்ந்து, கீழே நிற்பவர்களின் கைச்சைகையைப் பார்த்தே காலம் ஓட்டியவருக்குக் குரலை உயர்த்தும் பழக்கமே இல்லாமல் போய்விட்டது.

"காப்பாத்துங்க" என்றார்.

"அண்ணாச்சி, கைமாத்து கேக்குற மாதிரி கேக்காதிய" என்றாள் முத்துப்பேச்சி. "முங்கப் போறிய. முங்கப் போற ஆளு இப்படியா கேக்கும்?"

"யாரையும் கூப்பிட்டுப் பழக்கம் இல்ல தாயி. நீங்கள்லாம் எப்பவும் கூப்புடாமலே வந்திருதிய."

எல்லாரும் சிரித்தார்கள். நேவிஸ் அவருக்கு முறுக்கை நீட்டி, "நீங்க சும்மா போன் மட்டும் போடுங்க, கத்த வேண்டாம்" என்றாள். அவருக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. "இல்ல, கத்துவேன். ஊருக்காகக் கத்த மாட்டேனா?" என்றார்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்தது. நிற்காமல் பெய்து, ஒருநாள் காலையில் ஓடைப்பக்கம் லாரி வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. பேர்ல் கார்டன்ஸின் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துத் தோட்டச்செடிகள், பிளாஸ்டிக் பொம்மைகள், ஒரு நீச்சல்குள மிதவை எல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிய வேகம் யாரும் அதுவரை பார்க்காதது.

சுண்ணாம்புமேடு திட்டத்தைக் காப்பாற்றியது. அவரவர் அவரவர் மாடியில் நின்றார்கள். நேவிஸின் வீடு கடைக்கு மேலே. தெருவில் ஓர் அண்டாகூட மிதக்கவில்லை. எதிர்வரிசை மாடி ஒன்றில் ஒரு பெண் நனைந்த கோழிபோல நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். நேவிஸ் கையில் காய்ந்த போர்வை இருந்தது. வீசினால் போய் விழும் தூரம்தான். அவள் போர்வையைத் தன் கால்களுக்கு அடியில் போட்டு மிதித்துக்கொண்டு நின்றாள். கை தானாக நீளாமல் இருக்க அதைவிட வேறு வழி தெரியவில்லை.

பிறகு கத்தல் தொடங்கியது. முத்துப்பேச்சி ஆரம்பித்துவைக்க, மாடிக்கு மாடி அது பரவியது. கனிராஜ் தன் மாடியிலிருந்து இரண்டு கையையும் தூக்கித் தூக்கி, பாட்டுக் கோஷ்டியை நடத்துபவரைப் போல, சத்தம் குறைந்த வீடுகளை உற்சாகப்படுத்தினார். நேவிஸும் கத்தினாள். முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஒருமாதிரி சுகமாகக்கூட இருந்தது. அத்தனை வருஷமாக ஒருதடவைகூட அவள் யாரிடமும் உதவி கேட்டுக் கத்தியதில்லை.

அந்தச் சத்தத்துக்குள் ஒரு புதுக்குரல் சேர்ந்தது. கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து.

"அட, நம்ம சந்தியாகு அண்ணாச்சி!" என்று முத்துப்பேச்சி அடுத்த மாடியிலிருந்து கூவினாள். "அக்கா, கேட்டியளா? பழகிட்டாவ! வீட்டுக்குள்ள நின்னு பழகியிருக்காவ போல!"

ஆட்கள் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். நேவிஸுக்கும் பெருமையாக இருந்தது. இந்த மனுஷன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டாரே என்று நினைத்தாள். அவர் கத்தக் கத்த, மற்றவர்களும் அதற்கு ஈடுகொடுத்துக் கத்தினார்கள். அப்படி எவ்வளவு நேரம் போனது என்று பின்னால் அவளுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பெரும்பாலானவர்களுக்குத் தொண்டை கட்டி, சத்தம் அடங்கத் தொடங்கியது. அவர் மட்டும் நிறுத்தவில்லை. வார்த்தை மாறியிருந்தது. "காப்பாத்துங்க" இல்லை. "ஏ, நேவிஸு... நேவிஸம்மா... பீரோ... காலு..." என்று என்னவோ. நடுவில் ஒரு கெட்ட வார்த்தை. சந்தியாகு அண்ணாச்சியின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்தத் தெரு கேட்டதே இல்லை.

நேவிஸ் எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தாள். அங்கே ஆள் இல்லை. குரல் தரைவீட்டு ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்தது. தண்ணீர் அந்த ஜன்னலின் பாதியைத் தாண்டியிருந்தது.

"கனிராஜு! சாவிய எறி! சந்தியாகு அண்ணாச்சி உள்ள மாட்டிக்கிட்டாவ!"

கனிராஜ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "அருமைக்கா! அப்படித்தான்! பேரைச் சொல்லிக் கத்துங்க, இன்னும் நல்லா இருக்கும்!"

"நெசமாத்தான் சொல்லுதேன்! நெசமாத்தான்!"

"நெசமாத்தான்! நெசமாத்தான்!" என்று நாலு மாடியிலிருந்து அதையே எடுத்துப் பாடினார்கள்.

நேவிஸ் அதற்கு மேல் கத்தவில்லை. மாடிப்படியில் இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டாள். நெஞ்சுக்கு மேல் தண்ணீர். சேலை காலைச் சுற்றியது. அவள் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் மாடிகளில் சிரிப்பு நின்றது. முத்துப்பேச்சி தன் மாடியிலிருந்து அப்படியே குதித்தாள். கனிராஜ் சாவியை எறிவதை மறந்து, சாவியோடு குதித்தார். அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி நடந்தது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. மூங்கில் வந்தது, கயிறு வந்தது, கதவு பெயர்ந்தது.

டி.வி.யைப் பீரோ மேல் தூக்கிவைக்கப் போயிருக்கிறார். இரும்புப் பீரோ அவர் மேலேயே சாய்ந்துவிட்டது. ஒரு கால் அதன் அடியில். ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தலையை மேலே தூக்கியபடி கிடந்தார். மூங்கிலால் நெம்பி வெளியே எடுத்தபோது தண்ணீர் அவர் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. பெரிய அண்டாவில் உட்காரவைத்து, தெருவே சேர்ந்து இழுத்துக்கொண்டு பிரதான சாலைக்குப் போனது.

காலைக் காப்பாற்ற முடியவில்லை. நெடுநேரம் நசுங்கிக் கிடந்ததால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். கனிராஜ் வெளியே போய்விட்டார்.

நினைவு தெளிந்த பிறகு சந்தியாகு நேவிஸிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார்.

"கேட்டுச்சு அண்ணாச்சி. மொதல்லயே கேட்டுச்சு. நல்லா நடிக்கிறியன்னு நெனச்சோம். கைகூடத் தட்டுனோம்."

"கைதட்டுனது எனக்கும் கேட்டுச்சு" என்றார் அவர். கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நேவிஸ் சாயங்காலம் வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பவில்லை.

தண்ணீர் வடிந்து, தெரு காய்ந்த பிறகு வடிவு கடைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்களுக்கு நிதி வந்துட்டுக்கா. முழு வடிகால். முதல் முன்னுரிமை."

அங்கே நின்றிருந்த கனிராஜ் கேட்டார். "நாங்க கத்துனது எடுபட்டுருச்சா மேடம்?"

"இல்ல. அதுல ஒண்ணுகூட எடுபடல. கூத்துக் கத்தல் எது, உயிர்க் கத்தல் எதுன்னு துலாவுக்குத் தெரியும். உங்க எல்லாத்தையும் அது தள்ளிட்டு." வடிவு கிடாரத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சியோடத மட்டும்தான் எடுத்திருக்கு. ஒரு ஆளு உசுருக்குக் கத்தியும் கேக்குற தூரத்துல இருந்த அத்தன பேரும் அவ்வளவு நேரம் நகரலைன்னா, அந்த ஊரு மனசு விட்டுப்போச்சு, இனி தாங்காதுன்னு அர்த்தமாம்."

கனிராஜ் அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வடிகால் வந்தது. குறை சொல்ல முடியாத வேலை. அடுத்த கார்த்திகையில் கொட்டித் தீர்த்த மழை, சுண்ணாம்புமேட்டுத் தெருவில் கால் நனையும் அளவுக்குக்கூட நிற்கவில்லை. ஜனங்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மழைநாளில் மாடியில் கிடாரம் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் வீட்டில் இருமல் சத்தம் கேட்டால்கூட முன்போல யாரும் எட்டிப்பார்த்து 'என்ன செய்யுது?' என்று கேட்பதில்லை. கேட்டால் பதிலுக்கு 'அன்னைக்குக் கேக்கலியே' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எல்லாருக்கும் பயம். அப்படி யாரும் சொல்லவில்லை. சந்தியாகுகூடச் சொல்லவில்லை. அவர் இப்போது நேவிஸ் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, வாடகைக்குப் போகும் சாமான்களை எழுதிக்கொள்கிறார். நேவிஸ் கேட்டாள், அவர் சரி என்றார். மற்றபடி இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

மழை ஓய்ந்த ஒருநாள் முற்பகலில் கடை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஒரு நடுவயதுப் பெண்ணும், அவளோடு இரண்டு ஆண்களும், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு வயசாளியும் இறங்கினார்கள். பெண்ணின் கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். ஏதோ விசேஷத்துக்குப் பாத்திரம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நேவிஸ் நாற்காலிகளை விரித்துப் போட்டு டீ சொன்னாள்.

"நாங்க கோரைக்குட்டம்க்கா" என்றாள் அந்தப் பெண். "உப்பளத்துக்குத் தெக்க. என் பேரு பிச்சம்மா. உங்க புது வடிகாலு எங்க ஊர்லதான் வந்து விழுது."

நேவிஸின் கை டீ கிளாசோடு நின்றது. அந்த வடிகாலின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று அவள் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

"சண்டைக்கு வரலக்கா, பயப்படாதிய" என்றாள் பிச்சம்மா அவசரமாக. "உங்கள ஒண்ணும் சொல்லல. எங்க ஊரு தாங்கும்னு துலா சொல்லியிருக்கு. நாங்களும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்கிற சனம். கேடயம்லாம் குடுத்தாவ. உங்களுக்கு மட்டும் எப்படி நிதி வந்துச்சுன்னு விசாரிச்சோம். ஒரு ஆளுக்குக் கால் போச்சாம்லா? கத்தக் கத்த ஒருத்தரும் போகலையாம்லா?"

கல்லா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சந்தியாகு எழுதுவதை நிறுத்தினார். மேசை மறைத்ததால் அவர் கால் அவர்களுக்குத் தெரியவில்லை.

"அதைக் கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தோம். நடிச்சா அது எடுத்துக்கிடாதாம். நெசமாவே நடக்கணுமாம். எங்க ஊர்ல நாங்க எல்லாரும் பேசி..." பிச்சம்மா பக்கத்தில் இருந்த வயசாளியைப் பார்த்தாள்.

அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாசைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். தலை படிய வாரியிருந்தார். சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டிருந்தார்.

"நான்தான்மா" என்றார். "எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ஊரு சனம்தான் இத்தன வருஷமா சோறு போடுது. இவுக யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்." அவர் கல்லா பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஆளு எவ்வளவு நேரம் கத்துனாவ? எனக்கு இழுப்பு உண்டு. ரொம்ப நேரம் கத்த முடியாது. அதான் கவலை."

சந்தியாகு பேனாவை மூடிவைத்தார். மேசையைப் பிடித்து, ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்து, மெதுவாக எழுந்து மேசையைச் சுற்றி வெளியே வந்தார். வந்தவர்களின் பார்வை அவர் மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே போனது. பிச்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வயசாளி மட்டும் எழுந்து, கோயில் வாசலில் நிற்பவரைப்போல அவரைக் கும்பிட்டார்.

சந்தியாகு அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார். அப்புறம் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நேவிஸ் வாசல்வரை ஓடினாள்.

"அய்யா, வேண்டாம். இதைச் செய்யாதிய."

வயசாளி நின்று திரும்பினார். கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவரைப்போலக் கேட்டார்.

"உன் தெருத் தண்ணிதான தாயி எங்க வீட்டுக்குள்ள வருது. வேற வழி இருந்தாச் சொல்லேன்?"

நேவிஸ் குனிந்தாள். பிச்சம்மா கொடுத்திருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலம் இன்னும் கையில் இருந்தது.

ஆட்டோவின் படி கொஞ்சம் உயரம். வயசாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயங்கினார். அவ்வளவுதான், மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டிவிட்டார்கள். ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் இடுப்பைத் தாங்கினார். பிச்சம்மா தன் உள்ளங்கையை ஆட்டோவின் மேல்கம்பியில் வைத்துக்கொண்டாள், அவர் தலை இடித்துவிடக் கூடாதென்று.